கூட வந்தவை

காற்று குடியிருக்கிற ஊர்களில் காத்தாடிவிளையும் ஒன்று. மேற்கே மலை இரண்டாகப் பிளந்து நிற்கிற இடத்தின் வழியாக வைகாசியில் நுழைகிற காற்று, ஐப்பசி வரை அந்த ஊரை விட்டுப் போகாது. அது வயல்களில் நட்டுவைத்த முந்நூறு காற்றாலைகளைச் சுற்றும், கொடியில் காய்கிற வேட்டியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும், பேசுகிற வாயிலிருந்து கேட்கிற காதுக்குப் போவதற்குள் பாதிப் பேச்சை எடுத்துக்கொள்ளும், ஆகவே அந்த ஊர்க்காரர்கள் எதையும் இரண்டு தடவை சொல்வார்கள், எதைக் கேட்டாலும் முழுதாகக் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுவார்கள். அந்த ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்தில், ஜன்னல் ஓரத்தில், ஒரு கணினி இருந்தது. தெருவிளக்கை எரிய விடுவதும், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துத் திறப்பதும், காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை சங்கு ஊதுவதும் அதன் வேலை. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது குணவதியின் வேலை.

குணவதி அந்த ஊர்க்காரி இல்லை. வைகைக்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், சங்கரபாகத்தைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். சங்கரபாகம்தான் அந்தக் கணினியை முதலில் பார்த்துக்கொண்டவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் தண்ணீர்த்தொட்டி ஏணியில் பாதி ஏறியவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே இறங்கினார், இறங்கி நிழலில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் அவருடைய வேலை அவளுக்குக் கிடைத்தது. நியமன உத்தரவின் முதல் வரியில் 'மறைந்த திரு. சங்கரபாகம் அவர்களின் மனைவி' என்று இருந்தது; அவள் பெயர் அதற்கு எவ்வளவோ கீழே, யாரும் படிக்காத இடத்தில் இருந்தது. சங்கரபாகம் ஊருக்கெல்லாம் அண்ணன் என்பதால் ஊருக்கெல்லாம் அவள் மதினி. செயல் அலுவலர் ஜெயசீலன் மட்டும் 'மிஸஸ் சங்கரபாகம்' என்பார்.

வேலையோடு நாற்காலியும் வந்தது. சங்கரபாகம் ஆறடிக்கு மேல். குணவதி ஐந்தடிக்குக் கீழ். தினமும் காலையில் வந்ததும் நாற்காலியின் பக்கத்திலிருக்கும் பிடியை அழுத்தி அதைத் தன் உயரத்துக்கு இறக்குவாள். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் அது அவர் உயரத்துக்கு ஏறி நிற்கும். பழுது பார்க்க வந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே இரண்டு வருடங்களாகக் குணவதி தரையில் படாத கால்களோடு வேலை பார்த்தாள். வீட்டிலும் இதே கதைதான். ரேடியோவை எந்த நிலையத்தில் வைத்துவிட்டுப் படுத்தாலும், காலை ஆறு பத்துக்கு அது அவர் கேட்கிற இலங்கை நிலையத்தைப் பாடும். அந்தச் சத்தத்தில் எழுந்து அடுப்படிக்குப் போகிற அவள் கை, தானாக இரண்டு டம்ளர்களை எடுத்து வைக்கும். பிறகு ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைப்பாள். ஆள் போன வீட்டில் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று ஊரில் யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கணினியின் நெற்றியில் அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்று அழுத்தவும்.'

இந்த இடத்தில் அந்தக் கணினியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதில் புதிதாக ஒரு மென்பொருள் வேண்டுமென்றால், அதன் பெயரை எழுதி, நிறுவு என்று சொன்னால் போதும். எங்கோ இருக்கிற களஞ்சியத்திலிருந்து அது ஒரு பொதியாக வந்து இறங்கும். ஆனால் தனியாக வராது. கல்யாண வீட்டுக்கு ஒருவரை அழைத்தால் நால்வர் வருவதுபோல, தனக்கு வேண்டிய மற்றப் பொதிகளையும் கையைப் பிடித்து அழைத்துவரும். கணினி இவற்றை இரண்டு வகையாக எழுதி வைத்துக்கொள்ளும்: நாம் பெயர் சொல்லிக் கேட்டவை, கூட வந்தவை. கேட்டு வாங்கியதை அது தானாகத் தொடாது. கூட வந்தவை, யாரோடு வந்தனவோ அவர் போய்விட்டால், யாருக்கும் வேண்டாதவை என்ற பட்டியலுக்குப் போய்விடும். இந்த ஊரின் சங்கு மட்டும் இந்தக் கணக்கில் இல்லை. அது பழைய ரகச் சங்கு. அதை ஊத வைக்கும் நிரல் எந்தக் களஞ்சியத்திலும் கிடையாது. அதன் மூலத்தை, அதாவது அது என்னென்ன செய்யவேண்டும் என்று ஒருவர் வரி வரியாக எழுதி வைத்ததை, அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து கட்டி எழுப்பவேண்டும். அப்படிக் கட்டியதை வைப்பதற்குத் தனியே ஓர் இடம் உண்டு.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காற்று மின்கம்பியை அறுத்ததில் சங்கு நிரல் கெட்டுப்போனது. குணவதி அதை மூலத்திலிருந்து மறுபடி கட்டத் தொடங்கினாள். இடம் போதவில்லை என்றது கணினி. யாருக்கும் வேண்டாதவற்றை அகற்றினால் இடம் கிடைக்கும் என்று அதுவே வழியும் சொல்லி, ஒரு நீளமான பட்டியலைப் போட்டு, கடைசியில் கேட்டது: தொடரலாமா? குணவதி பட்டியலைப் படிக்கவில்லை. அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் படித்துவிட்டு ஒப்புக்கொண்டதில்லை. அண்ணன் எழுதி ஒட்டிவைத்தபடி ஆம் என்று அழுத்துவதே அங்கே வழக்கம். ஆம் என்று அழுத்தினாள். இதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலரை மணிக்குச் செய்யவா என்று கேட்டது. அதற்கும் ஆம் என்று அழுத்தினாள். இடம் கிடைத்தது, சங்கு நிரல் கட்டி முடிந்தது, ஐந்து மணிச் சங்கு ஒழுங்காக ஊதியது, ஊர் கேட்டது, வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலையில் வடக்குத் தெரு அடிபம்பைக் காணவில்லை. பிடுங்கின தடம் இல்லை, குழி இல்லை, மண் மூடி, புல் முளைத்து, அங்கே எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை என்பதுபோல் இருந்தது. பழைய தந்தி அலுவலகத்தின் பக்கவாட்டுப் படிக்கட்டும் இல்லை. சாவடியில் தொங்கிய வெண்கல மணியும் இல்லை. அவற்றை யாரும் பயன்படுத்தி வருடக்கணக்காகிவிட்டது என்பதால் பதினொரு மணி வரை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபின் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். குணவதி அலுவலகத்துக்கு ஓடி முந்தின நாள் பட்டியலைத் திறந்து, இந்தத் தடவை முதல் வரியிலிருந்து படித்தாள். வாயில் நுழையாத நூறு பொதிகளுக்கு நடுவே அவை இருந்தன: வடக்குத்தெரு-அடிபம்பு, தந்தியாபீஸ்-படிக்கட்டு, சாவடி-மணி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே குறிப்பு: அகற்றப்பட்டது, அமைப்புகள் எஞ்சியுள்ளன.

அதன் பொருள் ஒரு வாரத்தில் ஊருக்கே புரிந்தது. பொருள் போய்விடும், அது பழகியிருந்த பழக்கம் போகாது. பம்பு இல்லாத இடத்தில் அதிகாலை ஐந்தரைக்குக் கிரீச், கிரீச் என்று சத்தம் வந்தது, அந்தப் பக்கம் போன பெண்களின் புடவை ஓரம் நனைந்தது. படிக்கட்டு இருந்த இடத்தைக் கடந்தவர்கள் காரணம் தெரியாமல் பதினான்கு தடவை காலைத் தூக்கி வைத்தார்கள். கணினிக்குள்ளேதான் தெருக்கள், குழாய்கள், விளக்குக் கம்பங்கள், பிறந்தவர்கள், இறந்தவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்கிறது, ஆகவே அது அப்படிச் செய்வதில் என்ன அதிசயம் என்று சாவடியில் பேசி முடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லி ஜெயசீலன் உத்தரவு போட்டார். குணவதி போய் அதை 'இல்லை' என்று மாற்றினாள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 'ஆம்' என்று இருந்தது. நாற்காலியைப்போல. எதற்கும் ஆம் என்பதும் சங்கரபாகம் வைத்துவிட்டுப்போன அமைப்பு. மின்சாரத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார்கள். நிறுத்தினால் தண்ணீரும் விளக்கும் நிற்கும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை வியாகப்பன் போனார்.

வியாகப்பன் தந்தி அலுவலகம் இருந்த காலத்தில் தந்தி அடித்தவர். அதோடு ஊருக்கு வந்தவர், அது மூடியபிறகு அதன் பின்னறையிலேயே தனியாக இருந்தார். தினமும் நாலு மணிக்கு ஞானப்பூ கடைக்கு வந்து, எதிரே நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போவார். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமை நாலு மணிக்கு ஞானப்பூ பழக்கத்தில் தேநீரை ஆற்றி அவர் இடத்தில் வைத்தாள். ஆள் வரவில்லை. கண்ணாடி டம்ளரில் இருந்த தேநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கால் மணி நேரத்தில் காலியானது, டம்ளர் அவர் வைக்கிறபடியே கவிழ்ந்து உட்கார்ந்தது. ஞானப்பூ கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்தாள்.

"அந்த மனுசன் யாருக்கும் வேண்டாம்னு எவன் சொன்னது?" என்று கேட்டாள். "நான் வேணும்னு சொல்லியிருப்பேனே மதினி. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே."

கணினி கேட்டிருந்தது. கேட்டதற்கு ஆம் சொன்னது குணவதியின் விரல்.

அதற்குப்பிறகுதான் ஊரில் அந்த வழக்கம் வந்தது. திங்கட்கிழமை காலையில், அந்த வெள்ளிக்கிழமை போகப்போகிறவை எவை என்று குணவதி கணினியிடம் கேட்டு, பட்டியலை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவாள். வெள்ளிக்கிழமைக்குள் யாராவது வந்து, இது எனக்கு வேண்டும் என்று சொன்னால், அதன் பெயரை எழுதி, கேட்டு வாங்கியது என்று குறித்துவிடுவாள். பிறகு அதைக் கணினி தொடாது. படிக்கும் பழக்கமே இல்லாத ஊர் பலகையின் முன்னால் மூக்கு இடிக்க நின்று படித்தது. எதிர்வீட்டுச் சேவல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நாலு மனு கொடுத்திருந்தவர், அதே சேவல் வேண்டும் என்று முதல் ஆளாக வந்து நின்றார். ஒருத்தி தன் மாமியாருக்காக வந்து, வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள். பட்டியலில் பெயர் வந்துவிட்ட ஒரு தையல்காரரைக் காப்பாற்றத் தெருவே போட்டிபோட்டுக்கொண்டு கிழியாத சட்டையை எல்லாம் கிழித்து எடுத்துக்கொண்டு போனது. பட்டியலில் வராமல் இருப்பதற்காகவே ஜனங்கள் ஒருவரிடம் ஒருவர் மணி கேட்டார்கள், உப்புக் கேட்டார்கள், தெரிந்த வழியைக் கேட்டார்கள். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நாற்பது வருடமாக இருந்த பகை ஒரு வாரம் பட்டியலில் வந்தது, யாரும் கேட்கவில்லை, போய்விட்டது. ஆனால் அமைப்புகள் எஞ்சியிருந்ததால், எதற்கென்று தெரியாமலே இரண்டு தெருக்காரர்களும் எதிரெதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சங்கு ஒரு தடவைகூடப் பட்டியலில் வரவில்லை. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிற ஊரில் சங்கு யாருக்கும் வேண்டியதில்லை. அது ஏன் வரவில்லை என்று குணவதி ஒரு நாள் நினைத்தாள், வேலை வந்தது, மறந்துபோனாள்.

புரட்டாசி பிறந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். குடும்ப அட்டையில் சங்கரபாகத்தின் பெயர் இன்னும் இருந்தது. இரண்டு வருடமாக அதை நீக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள், ஒரு புதன்கிழமை மதியம் அந்த விண்ணப்பத்தை நிரப்பினாள். இந்தப் பெயரை நீக்கவா என்று கணினி கேட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் ஆம் என்று அழுத்தினாள்.

அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலில், மேட்டுத்தெரு மைல்கல்லுக்கும் ஓர் ஆட்டுத்தொட்டிக்கும் நடுவில், 'சங்கரபாகம்-சம்சாரம்' என்று இருந்தது.

குணவதி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மற்ற வாரங்களைப்போலவே அச்செடுத்து, நாலு முனையிலும் பசை தடவி, பலகையில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கால்கள் தொங்கின. கணினி பொய் சொல்லவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இந்த ஊர் அவளைக் கேட்டு வாங்கவில்லை. இந்த வேலை, இந்த நாற்காலி, மதினி என்கிற அழைப்பு, எல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அவரோடு அவளும் வந்தாள்.

ஊர் படித்தது. படித்து முடித்ததும் வந்தது. துப்புரவு மேற்பார்வையாளர் வடிவுதான் முதல் ஆள். சங்கரபாகத்துக்குக் கீழே பதினைந்து வருடம் வேலை பார்த்தவள், வாய்க்குப் பேர்போனவள். அவளுக்குப் பின்னால் ஞானப்பூ, சேவல்காரர், தையல்காரர், மாமியாரும் மருமகளும் தனித்தனியாக, மதியத்துக்குள் நாற்பத்துமூன்று பேர். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: மதினி வேண்டும். குணவதி அந்தப் பெயரை எழுதி, கேட்டு வாங்கியது என்று குறித்தாள். கணினி பதில் சொன்னது: 'சங்கரபாகம்-சம்சாரம் இருப்பதற்குச் சங்கரபாகம் தேவை. சங்கரபாகம் அகற்றப்பட்டுள்ளார். இயலாது.' நாற்பத்துமூன்று தடவையும் அதே பதில்.

வடிவு திரையை வெகுநேரம் முறைத்துப் பார்த்தாள். "பேரை மாத்திப் போட்டுப் பாருங்களேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மதினி, ஒண்ணு கேட்டா கோவிச்சிக்கப்பிடாது. உங்க பேரு என்ன?"

பத்தொன்பது வருடங்களில் அந்த ஊரில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"குணவதி."

"நல்லாத்தான இருக்கு. இத்தன நாளா எங்க ஒளிச்சி வச்சிருந்திய?"

குணவதி தன் பெயரை எழுதினாள். 'குணவதி: இந்தப் பெயரில் பொதி எந்தக் களஞ்சியத்திலும் இல்லை' என்றது கணினி. வரிசையில் நின்றவர்கள் காற்றில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் தலையை ஆட்டினார்கள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை வருகைப் பதிவேட்டில் அவள் போட்ட கையெழுத்து மதியத்துக்குள் வெளுத்துப்போனது. புதன்கிழமை பேருந்தில் நடத்துநர் அவளைத் தாண்டிப் பின்னிருக்கைக்குச் சீட்டுக் கிழித்தார். அவள் கூப்பிட்டாள், அவர் காற்று என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். வியாழக்கிழமை காலையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரின் விரிசல் தெரிந்தது. முகமும் தெரிந்தது, அதன் வழியாக விரிசலும் தெரிந்தது. ஆறு பத்துக்கு ரேடியோ இலங்கை நிலையத்தைப் பாடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவரே அவளைவிடத் திடமாக இருந்தார்.

அன்று மதியம் ஒரு மணிச் சங்கு ஊதியபோது, நிமிர்ந்து அதைக் கடைசி வரை கேட்டாள். அந்தச் சங்கு எந்தக் களஞ்சியத்திலும் இல்லாதது. யாருக்கும் வேண்டாதது. ஒரு தடவைகூடப் பட்டியலில் வராதது. மூலத்திலிருந்து கட்டியதை வைக்கிற அந்தத் தனி இடத்துக்குள் வெள்ளிக்கிழமை வேலை எட்டிப் பார்ப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் சோற்றுவாளியோடு வந்து, காலியான ஒரு கோப்பைத் திறந்து, மேலே 'குணவதி' என்று எழுதி, தன் மூலத்தை எழுத ஆரம்பித்தாள். வைகைக்கரையில் மணல் ஏறிய ஒரு கிணறு, அதற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம், எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தது, காய்ச்சலில் கொஞ்சம் மந்தமான வலது காது, பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகத் தெரிந்தது, பாலத்தைக் கடக்கும்போது மூச்சை அடக்குவது, தேங்காய் பிடிக்காமல் தேங்காய் ஊரில் பத்தொன்பது வருடம் சமைத்தது, பிறக்காமல் போன ஒரு குழந்தைக்கு வைத்திருந்த பெயர். யாரிடமும் சொல்லாததையும் எழுதினாள். கணினி படிக்கும், ஆனால் பேசாது. பன்னிரண்டு மணிக்குக் கட்டச் சொன்னாள்.

கட்டுவதற்கு முன்னால், ஓர் ஆளுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று கணினி ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும். கிணறு: உண்டு. ஓட்டம்: உண்டு. வலது காது: உண்டு, குறைவாக, பரவாயில்லை. பிறகு நின்றது. 'பின்னாலிருந்து பார்த்தால் நடை: கிடைக்கவில்லை.'

அதை அவள் எப்படி எழுதுவாள்? தன் முதுகைத் தான் பார்த்தவர் யார்? கதவோரம் வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டிருந்த வடிவு திரையைப் படித்துவிட்டுச் சொன்னாள். "இடது காலைக் கொஞ்சம் எட்டி வைப்பிய. பந்தயத்துக்கு விசில் அடிக்கப்போறான்ங்கிற மாதிரி."

குணவதி எழுதினாள். நடை: உண்டு. அடுத்ததற்கு நின்றது, அதற்கும் ஆள் வேண்டியிருந்தது. ஞானப்பூவைக் கூப்பிட்டு விட்டார்கள். "தேத்தண்ணியில கடைசி வாய் குடிக்கமாட்டா" என்றாள் ஞானப்பூ. "ரெண்டு வருசமா அந்த ஒரு வாயை நாந்தான் வாசல்ல ஊத்துதேன்." தூக்கத்தில் அவள் பேசுவதைச் சுவர் வழியாகக் கேட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, அது வாய்ப்பாடு என்றாள். ஜெயசீலன் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, தொண்டையைச் செருமி, கோப்பு ஒன்றை மூடியபிறகு அதை ஒரு தரம் மெதுவாகத் தட்டிக்கொடுப்பீர்கள் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போல் உள்ளே போனார். பெயர் தெரியாதிருந்த ஊருக்கு அவளைப் பற்றி மற்றதெல்லாம் தெரிந்திருந்தது.

மூன்றரை மணிக்குக் கணினி கட்ட ஆரம்பித்தது. வரிகள் கீழேயிருந்து மேலே ஓடின. நாலு மணிக்கு நின்றது. 'பிழை. நூற்றுப் பன்னிரண்டாம் வரி: சங்கரபாகம், கட்டாயம். சங்கரபாகம் அகற்றப்பட்டுள்ளார், அமைப்புகள் எஞ்சியுள்ளன.'

அந்த வரியை அவள் யோசிக்காமலே எழுதியிருந்தாள். மூச்சு விடுவதை யாரும் யோசித்து எழுதுவதில்லை. இப்போது அதை அழித்தாள், மறுபடி கட்டச் சொன்னாள். கணினி சீக்கிரமே தடுக்கி விழுந்தது. பதினேழு வருடத்துச் சமையல், சண்டை, சிரிப்பு, பேருந்துப் பயணம் என்று இருநூறு இடங்களில், இங்கே ஒருவர் இருந்தாரே, எங்கே என்று கேட்டது. நாலு பதினைந்து. மேசைமேல் இருந்த அவள் கை வழியாக மேசையின் மரக்கோடுகள் தெரிந்தன. பின்னால் நின்றவர்களில் யாரோ அழுதார்கள். வடிவு அவர்களை வாயை மூடச் சொன்னாள்.

அவர் வேண்டும் என்றால் கட்ட முடியாது. வேண்டாம் என்றாலும் கட்ட முடியாது. நெற்றியில் ஒட்டியிருந்த காகிதத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் ஆம் மட்டும்தான் இருந்தது.

சங்கு நிரலின் மூலத்தில் ஒரு வரி உண்டு. மழைமானி இருந்தால் படித்துக்கொள், இல்லாவிட்டால் அதற்காக நிற்காதே, சங்கை ஊது என்று சொல்கிற வரி. மழைமானி உடைந்து ஆறு வருடம் ஆகிறது. சங்கு ஒரு நாளும் நிற்கவில்லை. குணவதி அழித்த வரியைத் திருப்பி எழுதினாள். கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, பாதி தெரிகிற விரல்களால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினாள்: 'சங்கரபாகம், இருந்தால். இல்லாவிட்டாலும் மேலே போ.'

வரிகள் ஓடின. நாலு இருபத்தொன்பதுக்குக் கணினி கேட்டது: 'குணவதி கட்டி முடிந்தது. வைக்கவா?' அவள் முழுதாகப் படித்துவிட்டு, ஆம் என்று அழுத்தினாள். அழுத்திய விரல் விசையின்மேல் சத்தம் போட்டது.

நாலரைக்கு வெள்ளிக்கிழமை வேலை தானாகத் தொடங்கியது. மேட்டுத்தெரு மைல்கல்லை யாரோ கேட்டு வாங்கியிருந்தார்கள், அது தப்பியது. அடுத்த வரி வந்தது. 'சங்கரபாகம்-சம்சாரம் அகற்றப்பட்டது; அமைப்புகள் எஞ்சியுள்ளன.' அறையில் இருந்த அத்தனை பேரும் திரையைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்தார்கள். நாற்காலியில் ஆள் இருந்தாள். கைக்குப் பின்னால் மேசை தெரியவில்லை. அவளை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு நிமிடம் யாருக்கும் தெரியவில்லை.

"குணவதிக்கா, சோத்துவாளிய இன்னும் தொறக்கவே இல்லையே" என்றாள் வடிவு.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு ரேடியோ இலங்கை நிலையத்தைப் பாடியது. குணவதி எழுந்து அடுப்படிக்குப் போனாள். மேடையில் இரண்டு டம்ளர்கள் பக்கத்தில் பக்கத்தில் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவள் இன்னும் கையை நீட்டவே இல்லை. உற்றுக் கேட்டால், பாட்டுக்கு நடுவில், வளையல் சத்தமும் இருந்தது. அது அவளுடைய பழைய வளையல்களின் சத்தம், அவற்றைக் கழற்றி இரண்டு வருடம் ஆகிறது. குணவதி கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்றாள். பிறகு அந்த இரண்டையும் தொடாமல், அலமாரியிலிருந்து மூன்றாவதாக ஒரு டம்ளரை எடுத்து, தனக்குக் காபி கலந்து, ஜன்னலோரம் நின்று குடித்தாள். போகும்போது ரேடியோவை நிறுத்தவில்லை. கேட்கிறவர்கள் இருந்தார்கள்.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும், பட்டியலைக் கேட்டு வாங்கி, கடைசி வரி வரை படித்து, பலகையில் ஒட்டிவிட்டு வந்து, நாற்காலியை இறக்கினாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அவசரப்படாமல் தண்ணீர் பிடித்தாள், காற்றில் பறந்த முந்தானையைச் செருகிக்கொண்டாள், இடது காலை எட்டி வைத்துத் திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். காலைச் சங்கு ஊதத் தொடங்கியது, அதன் அதிர்வு சிமெண்டுத் தரை வழியாக வந்து இரண்டு உள்ளங்கால்களிலும் ஏறியது.